எடை பார்த்து வாங்கிய காலம்

போன மாதம் சேலையூரிலிருந்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். என்னைப் போலவே பாட்டுப் பைத்தியம். ஹாலில் காருகுறிச்சியாரின் நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. காப்பியைக் குடித்தபடியே ஸ்பீக்கரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மேஜைக்கு அடியில் குனிந்தும் பார்த்தார்.

"ஆம்ப்ளிஃபயர் எங்கே சார்?"

மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினேன். எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே. இதுவா பாடுது?"

இதுதான் பாடுகிறது என்றேன். அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். இந்தப் பெட்டிகளுக்கு 'க்ளாஸ் டி' ஆம்ப்ளிஃபயர் என்று பெயர். நம் வயதுக்காரர்கள் வீட்டில் பாட்டுக் கேட்க இது போதுமா, பழைய கனத்த பெட்டிதான் வேண்டுமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பாத்திரக் கடையில் வெண்கலப் பானையை எடை போட்டு வாங்குகிற ஊர் நம்முடையது. ஆம்ப்ளிஃபயரையும் அப்படித்தான் வாங்கினோம். எண்பதுகளில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து நடந்தே ரிச்சி தெருவுக்குப் போவோம். கடைக்காரர் மேலே இருப்பதை இறக்கி வைப்பார். நாம் முதலில் பாட்டுக் கேட்க மாட்டோம், தூக்கிப் பார்ப்போம். கனத்தால் நல்ல சரக்கு. அதில் நியாயமும் இருந்தது. உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால்தான் தவில் அடிக்கும்போது மூச்சு வாங்காது. சூட்டை இறக்கும் அலுமினியத் தகடு பெரிதாக இருந்தால்தான் மே மாதத்தில் உயிரோடு இருக்கும். ஆக, எடைதான் தரம் என்பது மூடநம்பிக்கை இல்லை. அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்துக்கு அது சரியான கணக்கு.

2008-இல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வீட்டம்மாவிடம் கெஞ்சி ஒரு ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். 14 கிலோ. அதைத் தூக்கி வைத்த மேஜையைக்கூட ஆசாரியிடம் சொல்லித் தனியாகச் செய்தேன். முடிச்சூர் பக்கம் எங்கள் தெருவில் அப்படி ஒரு பெட்டி யாரிடமும் இல்லை என்கிற கர்வம் எனக்கு உண்டு.

2015 டிசம்பர் முதல் தேதியை நம் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு ஆறு முடிச்சூர், வரதராஜபுரம் என்று ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. ராத்திரி வாசல்படியைத் தாண்டிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் முழங்காலுக்கு வந்தது. வீட்டுப் பத்திரம், பென்ஷன் புத்தகம், மாத்திரை டப்பா, அரிசி எல்லாம் மாடிக்குப் போயின. ஸ்பீக்கர் இரண்டையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனோம். கடைசியாக ஆம்ப்ளிஃபயர். எனக்கு அப்போது 65 வயது. கரண்ட் இல்லை, டார்ச் வெளிச்சம், காலடியில் தண்ணீர். தூக்கினேன், இடுப்பில் 'சுரீர்' என்றது. "அதை விட்டுட்டு வாங்க, உங்களைத் தூக்க இங்கே ஆள் இல்லை" என்றாள் மனைவி. சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு ஏறினேன். தண்ணீர் மேஜைக்கு மேலும் ஏறியது.

ஊரில் பலர் இழந்ததைப் பார்க்கும்போது இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் மூன்றாம் நாள் சேற்றுக்குள் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது, 'இவ்வளவு கனமான பொருளை வாங்கினாயே, உன்னால் தூக்க முடிகிறதா?' என்று அது என்னைக் கேட்டதுபோல் இருந்தது.

மார்க்கெட் பக்கம் நம் மெக்கானிக் தம்பி ஒருவர் இருக்கிறார். அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, கெபாசிட்டர்களை மாற்றி, பாட வைத்தார். ஒரு மெல்லிய 'ஹம்' சத்தத்தோடு அது இன்னும் ஐந்து வருஷம் ஓடியது. பிறகு அவுட்புட் பகுதி போயிற்று. அந்த உதிரிபாகம் இப்போது தயாரிப்பில் இல்லை. கிடைத்தது போலி. மாற்றினோம், ஒரு வாரத்தில் போயிற்று. மறுபடி மாற்றினோம், மறுபடி போயிற்று. மூன்றாவது முறை மெக்கானிக் சொன்னார்: "சார், இதுக்கு மேல உங்ககிட்ட காசு வாங்குறது பாவம். ஒரு க்ளாஸ் டி வாங்கிக்குங்க."

எனக்குப் பிடிக்கவில்லை. 'டி' என்றால் டிஜிட்டல், டிஜிட்டல் என்றால் உயிரில்லாத சத்தம் என்பது என் எண்ணம். முதலில் தெரிந்துகொண்டது, இரண்டுமே தவறு என்பதைத்தான். ஏ, பி, சி என்று ஆம்ப்ளிஃபயர் வகைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டே வந்தார்கள். அடுத்து வந்ததற்கு டி. அவ்வளவுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் வீட்டு மின்விசிறியை வைத்துச் சொல்கிறேன். பழைய ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? செங்கல் அளவில் சுவரில் இருக்கும். விசிறியைக் குறைத்து வைத்தால் தொட்டால் சுடும். விசிறிக்குப் போகாத கரண்டை அது சூடாக மாற்றிக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. பழைய ஆம்ப்ளிஃபயரும் அந்த ஜாதி. அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர், பாதி திறந்து பாதி மூடிய நிலையிலேயே எப்போதும் நின்றுகொண்டு, ஸ்பீக்கருக்குத் தேவையில்லாததை எல்லாம் சூடாக்கிக் கழிக்கும். அதனால்தான் அந்தத் தகடு, அந்த எடை.

இப்போதைய சின்ன ரெகுலேட்டர் சுடுவதில்லை. சில வகைகள் கரண்டை வெட்டி வெட்டி விடுகின்றன. டி வகையும் அப்படித்தான், ஆனால் மிக வேகமாக. அதன் டிரான்சிஸ்டர் ஒன்று முழுதாகத் திறந்திருக்கும், இல்லையென்றால் முழுதாக மூடியிருக்கும். நடு நிலையே கிடையாது. என் பெட்டியில் இருக்கும் 3116 என்கிற சில்லு நொடிக்கு நாலு லட்சம் தடவைக்குக் குறையாமல் இப்படித் திறந்து மூடுகிறது. இசை உயரும்போது திறந்திருக்கும் நேரம் நீள்கிறது, தாழும்போது குறைகிறது. கடைசியில் ஒரு காயிலும் கெபாசிட்டரும் காப்பி ஃபில்டர் மாதிரி அந்த வெட்டுகளைத் தடுத்து நிறுத்தி, இசையை மட்டும் கீழே இறக்குகின்றன. இன்வெர்ட்டர் ஏ.சி., புதிய பி.எல்.டி.சி. மின்விசிறி, மெட்ரோ ரயிலின் மோட்டார் எல்லாவற்றிலும் இதே வித்தைதான். மெட்ரோ நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு ரீங்காரம் கேட்கும், கவனியுங்கள். அது இந்த வெட்டல் சத்தம்தான். ஆம்ப்ளிஃபயரில் வெட்டுவது மனிதக் காதுக்கு எட்டாத வேகத்தில் என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

பாண்டிச்சேரியில் பள்ளியில் எங்களுக்கு பிரெஞ்சில்தான் பௌதிகம். 'ரான்தமான்' என்று ஒரு சொல்லை வாத்தியார் விடாமல் உருப்போட வைப்பார். போட்டதில் எவ்வளவு பலனாகத் திரும்பியது என்கிற விகிதம், தமிழில் செயல்திறன். ஏ வகையின் ரான்தமான் நூற்றுக்கு 25-லிருந்து 50-ஐத் தாண்டாது. நாம் வழக்கமாக வைத்திருந்த ஏ-பி வகைக்குக் கணக்குப்படி உச்சம் 78.5. ஆனால் வீட்டில் மெதுவாகப் பாட்டு வைக்கும்போது அதில் பாதிகூடக் கிடைக்காது. டி வகையில் நன்றாக வேலை செய்யும்போது 90 வரை போகும். மீதி பத்தைச் சூடாக்க ஒரு சின்னத் தகடு போதும். பெட்டி இளைத்த ரகசியம் இதுதான்.

இது நேற்றுப் பிறந்த விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் ஐம்பதுகளிலேயே யோசித்துவிட்டார்கள். 1964-இல் சின்க்ளேர் கம்பெனி எக்ஸ்-10 என்று கடைக்கே கொண்டுவந்தது. பெயரில் பத்து, வெளியே வந்தது இரண்டரை வாட். அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்கு அந்த வேகம் இல்லை. அது கிடைக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. பிலிப்ஸில் வேலை பார்த்த புருனோ புட்ஸேஸ் என்கிற பெல்ஜியம் நாட்டு எஞ்சினியர் போன்றவர்கள் 2000-க்குப் பிறகு இதைச் சங்கீதத்துக்கு லாயக்கானதாக ஆக்கினார்கள். இப்போது உங்கள் செல்ஃபோனுக்குள் பாடுவதும் ஒரு குட்டி க்ளாஸ் டி-தான். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பெயர் தெரியாததால் சண்டை போடவில்லை.

சரி, சத்தம் எப்படி? நண்பர் ஒரே பிடியாக நின்றார். "உங்க பெட்டியில ஜீவன் இல்லை சார். கார்வை இல்லை. என்னோடதைக் கொண்டு வரேன், பக்கத்துல வெச்சுப் பார்த்துடுவோம்." அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் தன்னுடைய 12 கிலோவைக் கொண்டுவந்து இறக்கினார்.

பரீட்சையை ஒழுங்காக வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முக்கியமான விதி, இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் உரக்கப் பாடுவதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். கடைகளில் வெகு காலமாக நடக்கும் வித்தை இது. அதனால் செல்ஃபோனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டுக்கும் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமைத் திருகி வைத்தோம். ஸ்பீக்கர் ஒயரை மாற்றிச் சொருகும் வேலை கல்லூரியில் படிக்கும் என் பேத்திக்கு. முன்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் ஒரே ஸ்விட்ச் பெட்டியில் இணைத்து மாற்றலாமே என்று நண்பர் கேட்டார். கூடாது. பெரும்பாலான டி வகைப் பெட்டிகளில் கறுப்பு முனையும் உயிருள்ள முனைதான், தரை அல்ல. பழைய பெட்டியின் கறுப்போடு சேர்த்துக் கட்டினால் புகை வரலாம். வாசகர்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு சுற்று. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம், லால்குடியின் வயலின், பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம், 'சிந்து பைரவி' படப் பாட்டு, நடுவில் எனக்காக ஒரு எதித் பியாஃப். ஒவ்வொரு முறையும் பாடுவது எது என்று தாளில் எழுத வேண்டும்.

நண்பர் ஏழு சரியாகச் சொன்னார். நான் ஐந்து. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே அளவுதான் வந்திருக்கும். என் பெட்டி என்று அடித்துச் சொல்லி நான் புகழ்ந்த மிருதங்கத் தனி, அவருடைய பெட்டியிலிருந்து வந்தது. ஜீவன் இல்லை என்று அவர் ஒதுக்கிய நாகஸ்வரமும் அவருடைய பெட்டியிலிருந்துதான். இரண்டு கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு பேத்தி, "நான் உக்கார்றேன், தாத்தா நீங்க மாத்துங்க" என்றாள். பன்னிரண்டில் பதினொன்று சரி.

எங்களுக்கு நம்ப முடியவில்லை. எப்படி அம்மா என்று கேட்டேன். "பாட்டுல வித்தியாசம் எதுவும் தெரியல தாத்தா. ஆனா பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல உங்க சின்னப் பெட்டி 'உஸ்'ஸுன்னு சொல்லுது. அந்தப் பெரிய பெட்டி சும்மா இருக்கு. அதை வெச்சுதான் சொன்னேன்" என்றாள்.

பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நண்பரும் வைத்துப் பார்த்தார். அவருக்கும் இல்லை. பேத்தி சோபாவில் உட்கார்ந்தபடியே, "இப்போகூடக் கேக்குதே" என்றாள்.

ஜீவன், கார்வை என்று இத்தனை வருஷம் நாங்கள் பேசியதெல்லாம் என்ன என்று அன்று ராத்திரி யோசித்தேன். மாற்ற வேண்டிய கருவி எது என்பதும் விளங்கியது. வீட்டில் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அந்த வாரம் செய்தேன், காது டாக்டரிடம் போனேன். 250-லிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாகக் கொடுத்து ஒரு வரைபடம் எடுத்தார்கள். 2,000 வரை பரவாயில்லை. அதற்கு மேல் கோடு மாடிப்படி மாதிரி இறங்குகிறது. "வயசுக்கு உள்ளதுதான். ச, ஸ, ஷ எல்லாம் உங்களுக்குக் குழம்பும், இல்லையா?" என்றார். மருமகள் முணுமுணுக்கிறாள் என்று நான் கோபித்துக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. அவள் முணுமுணுக்கவில்லை.

காதுக் கருவி பொருத்தச் சொன்னார். பெட்டியைத் திறந்து அந்தக் குட்டிச் சாமானைக் காட்டிய பெண்ணிடம், இதற்குள் எந்த வகை ஆம்ப்ளிஃபயர் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தெரியாது என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். க்ளாஸ் டி. கடுகளவு பேட்டரியில் நாள்கணக்காக ஓட வேண்டுமென்றால் வேறு வழியில்லை. இந்த வகை எனக்கு வேண்டாம் என்று சொல்ல இனி இடமே இல்லை என்று தெரிந்தது.

கருவி போட்டு மூன்று வாரம் ஆகிறது. மருமகள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. என் ஆம்ப்ளிஃபயரின் 'உஸ்'ஸும் கேட்கிறது. பாட்டுக்கு மட்டும் அது முதலில் ஒத்துவரவில்லை. தம்புரா சுருதி அலைந்தது. கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது, நீண்டு நிற்கும் சுருதியை அது ஊளைச் சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கிறதாம். சங்கீதத்துக்கென்று தனியாக ஒரு அமைப்பு வைத்துத் தரச் சொன்னேன், தந்தார்கள். யாராவது புதிதாக வாங்கினால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. நம் வயதுக்கு, நம் வீட்டு ஹாலுக்கு, நாம் கேட்கும் பாட்டுக்கு, நல்ல ஒரு க்ளாஸ் டி பெட்டி தாராளமாகப் போதும். நாம் விரும்பும் பழைய ஒலிப்பதிவுகளில் உச்ச ஸ்தாயி நுணுக்கங்கள் அதிகம் பதிவாகவே இல்லை. பதிவான கொஞ்சமும் நம் காதில் ஏறுவதில்லை. மீதிக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு ஆம்ப்ளிஃபயர் உள்ள வித்தியாசத்தைப் போல எத்தனையோ மடங்கு ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் உண்டு. நல்ல ஆம்ப்ளிஃபயர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை வாங்காதீர்கள். அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்!

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

முதலில் வாட். தொண்ணூறுகளில் உள்ளங்கை அளவு டேப் ரெக்கார்டரில் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்' என்று ஒட்டி விற்றார்களே, அந்த வியாதி இன்னும் போகவில்லை. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள், கூட வரும் அடாப்டரைப் படியுங்கள். 24 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கினால் 72 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதற்கு மேல் இரண்டு பக்கமும் சேர்த்துத் தொடர்ந்து வெளியே வர முடியாது. எனக்கு முதலில் ஆன்லைனில் வந்த பெட்டியில் 'நூறு நூறு வாட்' என்று போட்டிருந்தது. கூட வந்த அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர். 8 ஓம் ஸ்பீக்கரில் அது பக்கத்துக்கு 9 வாட்டைத் தாண்டாது. திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வாங்கியதுதான் இப்போது இருப்பது, அடாப்டரோடு 6,500 ரூபாய்.

அதற்காக வாட் குறைந்தால் பயப்படவும் வேண்டாம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் காதுக்குக் கிடைப்பது 3 டெசிபல், கொஞ்சம் உரக்க, அவ்வளவே. சத்தம் இரட்டிப்பானதுபோல் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள்தான். தவில் உருட்டும்போது எகிறுவதற்கு 20, 30 வாட் இருந்தால் தாராளம்.

மின்சாரக் கட்டணம் குறையும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். என் பழைய பெட்டி சும்மா இருக்கும்போதே 45 வாட் தின்றது. இது 8 வாட். தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் ஒன்பது யூனிட் மிச்சம். பெரிய லாபம் இல்லை. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் ஹாலில் ஒரு அடுப்பு குறைந்தது லாபம். கரண்ட் போனால் என் பெட்டி 12 வோல்ட் பேட்டரியிலேயே பாடும், அதுவும் லாபம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. மலிவான டி வகைகளில் கடைசி ஃபில்டருக்குப் பிறகு சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. அதனால் ஸ்பீக்கர் 4 ஓமா 8 ஓமா என்பதைப் பொறுத்து உச்ச ஒலி கொஞ்சம் ஏறி இறங்கும். இளம் காதுகளுக்குத் தெரியலாம். கொஞ்சம் விலை கூடிய பெட்டிகளில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். பேத்திக்கோ பேரனுக்கோ வாங்கினால் அதை வாங்குங்கள். இன்னொன்று, ரேடியோ. 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை 'ஏ'-யை முள் நகர்த்திப் பிடித்த பழக்கம் விடாதவர்கள், மீடியம் வேவ் பெட்டியை இதன் அருகில் வைக்காதீர்கள். லட்சக்கணக்கில் வெட்டுகிற வெட்டு அந்த அலைவரிசைப் பக்கம்தான் விழும், ஒரே இரைச்சல்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. இதை ரிப்பேர் செய்ய முடியாது. என் மெக்கானிக்கிடம் திறந்து காட்டினேன். எறும்பு வரிசை மாதிரி பாகங்கள். "போனா தூக்கிப் போட வேண்டியதுதான் சார்" என்றார். நான்கு வருஷத்தில் அடாப்டர் ஒருமுறை போயிற்று. அது தனியாக இருப்பதால் ரிச்சி தெருவில் வேறு வாங்கி மாட்டிவிட்டேன். பெட்டி போனால் குப்பைதான். வெள்ளத்தில் மூழ்கியதைக்கூடக் காயவைத்துப் பாட வைத்த கை அவருடையது. அந்தக் கைக்கு இந்தப் பெட்டியில் வேலை இல்லை. அவரே இதை வாங்கச் சொன்னார் என்பதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. இப்போது அவர் பெரும்பாலும் செல்ஃபோன் கண்ணாடி மாற்றுகிறார். ரான்தமான் கணக்கில் இந்த நஷ்டத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று என் வாத்தியார் சொல்லித் தரவில்லை.

ஆனால் ஐப்பசி பிறந்து வானம் கறுக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது ஒன்றுதான். இந்த முறை தண்ணீர் வந்தால், பென்ஷன் புத்தகத்தோடு இதையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு ஒரு கையால் எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவேன். எழுபது தாண்டியவனுக்கு அதுவும் ஒரு தரம்தான். எந்த விவரப் பட்டியலிலும் அதை அச்சடிப்பதில்லை.

நண்பர் தன் 12 கிலோவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். நன்றாக ஓடுகிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொன்னேன். காது டாக்டரின் முகவரியைத்தான் வாங்கிக்கொண்டார். போகும்போது மனசு கேட்காமல் என் ஸ்பீக்கர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இது நல்லா கனக்குது சார்!"

"கனக்கட்டும் சார், காசை அதிலதான் போட்டேன்" என்றேன். அப்போதுதான் அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.